ஒரு வருடம், ஒரு நீண்ட மேசை: மேக்கர்ஸ்பேஸ் சந்தா பணத்துக்குத் தகுமா?

மேக்கர்ஸ்பேஸ் ஒன்றில் சேர்ந்து போன மாதத்தோடு ஒரு வருடம் முடிந்தது. சேரலாமா, கட்டுகிற பணத்துக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதிவிடுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன். அவற்றைச் சரிசெய்ய மெனக்கெடுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் மனம் நோகக் கூடாது.

மேக்கர்ஸ்பேஸ் என்பது பொதுப் பட்டறை. சந்தா கட்டினால் வீட்டில் வாங்கி வைக்க முடியாத மெஷின்களை முறை போட்டுப் பயன்படுத்தலாம். எங்கள் பட்டறையில் ஒரு லேசர் கட்டர், மூன்று 3டி பிரின்டர், நான்கு சால்டரிங் ஸ்டேஷன், இரண்டு தையல் மெஷின் இருக்கின்றன. தனி அறையில் மரவேலை ரம்பங்கள். நடுக்கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய நீண்ட மேசை ஒன்று. சேர வந்த அன்று எனக்குச் சுற்றிக் காட்டியதெல்லாம் மெஷின்களைத்தான். மேசையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கட்டிய சந்தாவில் முக்கால்வாசி அந்த மேசைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, நான் எதற்காகச் சேர்ந்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். எலக்ட்ரானிக்ஸ் முறையாகப் படித்ததில்லை. என் அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அண்ணி வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்து வேலை பார்க்கிறார். வாசல் மணியை அழுத்தினால் விளக்கு மின்னும் கருவி கடைகளில் கிடைக்கிறது, அவரும் மாட்டியிருக்கிறார். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் மணியைத் தேடுவதே இல்லை, நேராகக் கதவைத் தட்டுகிறார்கள். அவர் உள்ளறையில் இருந்தால் விளக்கு மின்னினாலும் கண்ணில் படாது. கதவைத் தட்டினால் மணிக்கட்டில் அதிர்கிற பட்டை ஒன்றை நானே செய்து தந்துவிடலாம் என்று இறங்கினேன்.

வீட்டில் மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து செய்தேன். இரண்டு இஎஸ்பி32 போர்டு, நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்னக் கணினிப் பலகைகள். ஒன்று கதவருகே, ஒன்று பட்டையில். ரவுட்டர் இல்லாமலே இவை வைஃபை அலையில் நேரடியாக ஒன்றோடொன்று பேசும். கதவருகே ஒரு சின்ன மைக். சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் பட்டை அதிர வேண்டும், அவ்வளவுதான் யோசனை. நாற்காலியை இழுத்தால் அதிர்ந்தது, தெருவில் வண்டி போனால் அதிர்ந்தது, பாத்திரம் விழுந்தால் அதிர்ந்தது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: நாற்பது தடவைக்கு மேல். அளவை ஏற்றி வைத்தால் உண்மையாகத் தட்டுவதே பதிவாகவில்லை. அண்ணன் மூன்றாம் நாள் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பட்டறையில் சேர்ந்தது 3டி பிரின்டருக்காக. மணிக்கட்டில் அழகாக உட்காரும் டப்பா ஒன்று அச்சடித்துவிட்டால் அண்ணன் மறுபடி போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். பிரச்சினை டப்பாவில் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் புதன்கிழமை சாயங்காலம் பிரின்டர் மூன்றிலும் ஆள் இருந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் நீண்ட மேசையில் போய் உட்கார்ந்து என் சாமான்களைப் பரப்பினேன். எதிரே ஒரு தம்பி, டிரம்ஸ் வாசிப்பவர், எலக்ட்ரானிக் டிரம் பேட் ஒன்றைப் பிரித்துப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். "என்னக்கா இது?" என்றார். சொன்னேன். மைக் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். தான் பிரித்து வைத்திருந்த பேடைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். நகக்கனம்கூட இல்லாத பித்தளைத் தட்டு ஒன்று, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், இரண்டு ஒயர். பியசோ, அதிர்ந்தால் மின்சாரம் தரும் தட்டு. "மைக் காத்தைக் கேக்கும்க்கா. இது கதவைக் கேக்கும். கதவுலயே ஒட்டிடுங்க" என்றார். பையில் உதிரியாக வைத்திருந்த 27 மில்லிமீட்டர் தட்டு ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

சரி என்று அதை அப்படியே போர்டில் இணைக்கப் போனேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு தடுத்தது. ஓய்வு பெற்ற பெரியவர், ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்காக உரிமம் வாங்கி ரேடியோவில் பேசுகிறவர். "நேரா குடுக்காதேம்மா. பலமா ஒரு தட்டு தட்டினா அதுலேருந்து வர்ற வோல்டேஜ் போர்டோட காலை எரிச்சிடும்." அந்த வோல்டேஜை அடக்க, பியசோவுக்குக் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றும் ஜீனர் டையோடு ஒன்றும் போடச் சொன்னார். இரண்டும் பொது டிராயரில் இருந்தன. பத்து நிமிடத்தில் சால்டர் செய்து முடித்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் மூன்று மாதம் இருக்கிறது.

அப்புறம் அடுத்த சிக்கல். மேசைப் பலகையில் தட்டை ஒட்டி ஒரு தடவை தட்டினால் போர்டு நான்கு என்று எண்ணியது. என் புரோகிராமில் பிழை என்று தேட ஆரம்பித்தேன். டிரம்ஸ் தம்பி எட்டிப் பார்த்தார். இது அவர்களுக்குத் தினசரித் தொல்லையாம். ஒரு அடி விழுந்தபின் பேட் அதிர்ந்துகொண்டே இருக்கும், அந்த அதிர்வையும் கருவி அடியாக எண்ணிவிடும். முதல் அடியைப் பிடித்தவுடன் கொஞ்ச நேரம் காதை மூடிக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். 80 மில்லிசெகண்ட் வைத்தோம், ஒன்று ஒன்றாகவே விழுந்தது. கடைசியாக அவர் சொன்னதுதான் முழுக் கருவியையும் மாற்றியது. தட்டுவதில் சத்தத்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள் என்றார். கதவு அறைந்து சாத்தினால் ஒரே அடி. மனிதர் தட்டினால் இரண்டோ மூன்றோ, நடுவில் ஏறக்குறைய சமமான இடைவெளி. 100 முதல் 600 மில்லிசெகண்டுக்குள் அடுத்த அடி வந்தால் மட்டும் பட்டை அதிரட்டும் என்று எழுதினேன். நாளுக்கு நாற்பதாக இருந்த பொய் அதிர்வு வாரத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது.

எலக்ட்ரானிக்ஸ் படித்த ஒருவரிடம் போயிருந்தால் மைக்கை இன்னும் நல்ல மைக்காக மாற்றச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். தாளம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்ததால்தான் இடைவெளி என்ற யோசனையே வந்தது.

பட்டையின் கதையும் இப்படித்தான். நான் பிரின்ட் செய்த கெட்டி டப்பாவுக்குள் மோட்டார் அதிர்ந்தது, கையில் லேசாகத்தான் தெரிந்தது. மூன்றாவது வாரம் அண்ணனை அழைத்துப்போனேன். தையல் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் டப்பாவைப் பார்த்தார், அண்ணன் கையைப் பிடித்தார், மோட்டாரை மட்டும் எடுத்து மணிக்கட்டைச் சுற்றி ஒவ்வொரு இடமாக வைத்து வைத்து முகத்தைப் பார்த்தார். உள்பக்கம், எலும்பு தோலோடு ஒட்டியிருக்கும் இடம் வந்தபோது அண்ணன் கண் விரிந்தது. சுண்ணாம்புக் கட்டியால் அங்கே ஒரு புள்ளி. எலாஸ்டிக் துணியில் நாணயம் அளவுக்கு ஒரு பை தைத்து அதற்குள் மோட்டாரை வைத்தார். டப்பாவே தேவைப்படவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை. அந்த அரை மணி நேரத்தில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அண்ணன் தன் போனில் டைப் செய்து எங்கள் முன் நீட்டினார்: "யாரோ தட்டறாங்கன்னு தெரிஞ்சா மட்டும் போதாது. யாருன்னு தெரியணும்." காது கேட்பவர்களுக்குத் தட்டுகிற விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். அது அவருக்கும் வேண்டும் என்றார். இது என் மூளையில் ஒருநாளும் உதித்திருக்காது. வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு தாளம் வைத்துக்கொள்வது, போர்டு அந்த இடைவெளிகளை ஒப்பிட்டு ஆளுக்கொரு விதமாக அதிர்வது என்று முடிவானது. அண்ணிக்கு நீளமாக ஒன்று. எனக்கு இரண்டு, சின்ன நிறுத்தம், அப்புறம் ஒன்று. தெரியாதவர் தட்டினால் விட்டு விட்டு மூன்று.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எரிக் வான் ஹிப்பல் 1976ல் அறிவியல் கருவிகள் சிலவற்றின் வரலாற்றைத் துருவிப் பார்த்தபோது, முக்கியமான மேம்பாடுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அவற்றைப் பயன்படுத்தியவர்கள் செய்தவை என்று கண்டார். தயாரித்து விற்றவர்கள் செய்தது மிச்சம்தான். அண்ணன் போனை நீட்டிய அந்த நிமிடத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஹாம் ரேடியோப் பெரியவர் அன்று சொன்ன கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொலைபேசிக்குக் காப்புரிமை கிடைத்தது 1876ல். காது கேளாதவர்கள் அதைப் பயன்படுத்த 1964 வரை காத்திருந்தார்கள். 88 வருடம். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ராபர்ட் வைட்பிரெக்ட், காது கேளாத இயற்பியலாளர், ஹாம் ரேடியோக்காரர். ரேடியோவில் டெலிடைப் மெஷின் (இங்கே தட்டச்சு செய்ததைத் தொலைவிலிருக்கும் இன்னொரு மெஷினில் அச்சடிப்பது) வைத்து எழுத்தால் பேசிப் பழகியவர். காது கேளாத பல் மருத்துவரான ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் அவரைத் தேடிப் போய், இதையே தொலைபேசியில் செய்ய முடியாதா என்று கேட்டார். தொலைபேசி இணைப்பில் வெளிக் கருவியை நேரடியாக இணைக்க அப்போது அமெரிக்காவில் அனுமதி இல்லை. அதனால் ரிசீவரையே ஒரு கருவியின் மேல் வைத்து, எழுத்துகளை ஒலியாக மாற்றி அனுப்பும் வழியை வைட்பிரெக்ட் செய்தார். 1964ல் இருவரும் அப்படித் தொலைபேசியில் எழுதிப் பேசினார்கள். ஆண்ட்ரூ சாக்ஸ் என்ற இன்னொரு காது கேளாத நண்பரும் அவர்களோடு சேர்ந்தார். கழித்துக் கட்டிய பழைய டெலிடைப் மெஷின்களைத் தன்னார்வலர்கள் வாங்கிப் பழுது பார்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தார்கள். பெரியவர் பேசப் பேச நான் போனில் டைப் செய்து அண்ணனுக்குக் காட்டிக்கொண்டே இருந்தேன். பல் மருத்துவர் வருகிற இடத்தில் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த வரியை மறுபடி மேலே தள்ளிப் படித்தார்.

மேசைக்கு அடுத்து இந்தப் பட்டறையில் எனக்குப் பிடித்தது லேசர் கட்டருக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் நோட்டு. எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர், என்ன வேகம், எவ்வளவு பவர், என்ன ஆனது என்று ஒவ்வொருவரும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். வெற்றியை மட்டும் எழுதினால் ஏற்க மாட்டார்கள். "3 மிமீ பிளைவுட், ஓரம் கருகிவிட்டது, வேகத்தைக் கூட்டவும்." அடுத்த ஆள் அதன் கீழே: "கூட்டினேன், முழுசாக வெட்டவில்லை. இரண்டு தடவை ஓட்டினால் சரி." முதல் பக்கத்தில் சிவப்பு மையில்: வினைல், பிவிசி வைக்கவே கூடாது, குளோரின் கலந்த நச்சுப் புகை வரும். பிளைவுட் வெட்ட நான் செலவழித்திருக்க வேண்டிய அரை நாள், முன்பின் தெரியாத ஆறு பேரின் கையெழுத்தால் மிச்சமானது.

இந்தப் பழக்கம் நீராவிக் காலத்திலேயே இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க நீராவி இன்ஜின்கள் ஓடின. ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை 1800ல் முடிந்தது. 1811ல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் மாதாமாதம் ஒரு அறிக்கை அச்சிட ஆரம்பித்தார். எந்தச் சுரங்கத்தின் இன்ஜின் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது, அதன் அமைப்பு என்ன, எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கும். பக்கத்துச் சுரங்கத்துக்காரர் படிப்பார், தன் இன்ஜினில் மாற்றிப் பார்ப்பார், அந்தக் கணக்கும் அடுத்த அறிக்கையில் வரும். முப்பது வருடத்துக்குள் அதே நிலக்கரிக்கு இறைக்கும் தண்ணீர் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. பொதுவில் வைத்த கணக்குப் புத்தகம் இன்ஜினையே மாற்றியிருக்கிறது!

இனி குறைகள். புக்கிங் ஆப் சரியில்லை. ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். 3டி பிரின்டர் மூன்றில் ஒன்று எப்போதும் நாசில், அதாவது பிளாஸ்டிக் உருகி வரும் முனை, அடைத்துக்கொண்டு நிற்கும். மர அறையில் தூசி உறிஞ்சும் குழாய் போதவில்லை, மாஸ்க் இல்லாமல் போகாதீர்கள்.

பாதுகாப்புப் பயிற்சி இன்னும் பெரிய குறை. அண்ணனுக்காகப் போனபோது பயிற்சி தந்தவர் மெஷினைப் பார்த்தபடியே பேசினார், உதட்டைக்கூடப் படிக்க முடியவில்லை. எழுதிய தாளும் இல்லை. லேசர் கட்டரில் கோளாறு என்றால் பீப் சத்தம் மட்டும்தான் வரும். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து ஆறு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேசையிலிருந்த இரண்டு பேர் நிர்வாகத்தின் அனுமதியோடு பீப்பரோடு சேர்த்துச் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினார்கள். இப்போது மரவேலை சத்தத்தில் காதடைப்பான் போட்டிருப்பவர்களுக்கும் அது உதவுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை எட்டாவது மாதம் வந்தது. ஆட்கள் கவனம் சிதறாமல் வேலை செய்யட்டும் என்று நல்லெண்ணத்தில் நீண்ட மேசையின் நடுவில் நிர்வாகம் தடுப்புப் பலகைகள் வைத்தது. எதிரே இருப்பவர் தலையின் மேல்பகுதி மட்டும்தான் தெரியும். அந்த மாதம் நான் ஒன்பது சாயங்காலம் போனேன். "இது என்ன?" என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இன்னும் கஷ்டம். அவருக்கு எதிரே முகம் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் ஆளே இல்லை என்றுதான் அர்த்தம்.

எம்ஐடியின் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்கள் யாரோடு எத்தனை தடவை பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது, 50 மீட்டர் தள்ளி இருப்பவரோடு வாரம் ஒரு முறை பேசுவதே அரிது என்று கண்டார். எங்கள் மேசையில் தூரம் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை, பலகை மட்டும்தான் வந்தது. அதற்கே இந்தக் கதி என்றால், மாடிக்கு ஒரு துறை என்று பிரித்து வைத்திருக்கும் அலுவலகங்களில் எத்தனை யோசனைகள் எதிர் நாற்காலி கிடைக்காமலே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதே எம்ஐடியில் 1943ல் போர்க்கால அவசரத்துக்கு மரத்தால் கட்டிய கட்டடம் 20 என்ற ஒன்று 1998 வரை நின்றது. ரேடார் ஆராய்ச்சிக்காகக் கட்டியது. பிறகு மொழியியல்காரர்கள், மின்னணுக்காரர்கள், பொம்மை ரயில் மன்றத்து மாணவர்கள் என்று இடம் கிடைக்காத எல்லாரும் அதில் குடியேறினார்கள். தற்காலிகக் கட்டடம் என்பதால் சுவரை உடைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் தடுப்புப் பலகைகள் ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன. உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, ஜன்னல் பக்கத்து ஆறு இருக்கைகளுக்கு மட்டும் கழற்றியிருக்கிறார்கள்.

யாருக்கு இது தகும்? ஒரே ஒரு பொருளை அச்சடித்து எடுத்துப் போக வேண்டும் என்றால் வேண்டாம், பிரின்ட் செய்து தருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். செய்துகொண்டிருக்கும் வேலையில் எங்கோ மாட்டிக்கொண்டு, எங்கே மாட்டினோம் என்றே தெரியாமல் இருக்கிறீர்கள் என்றால் சேருங்கள். சேர்வதற்கு முன் ஒரு சாயங்காலம் விருந்தினராகப் போய், பாதி முடிந்த வேலையை மேசையில் பரப்பி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து என்ன என்று கேட்கிறார்களா பாருங்கள். கேட்கவில்லை என்றால் எத்தனை மெஷின் இருந்தாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று தடுப்புப் பலகைக்கு. சந்தாவை இந்த முறை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கவில்லை, ஆறு மாதத்துக்குத்தான். மிச்சப் பலகைகள் கழன்றால் மறுபாதியைக் கட்டுவேன் என்று நிர்வாகத்திடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் தன் பெயரில் தனியாக ஒரு உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டார். ஜன்னல் பக்கம், மேசையின் கோடியில், எல்லார் முகமும் தெரிகிற நாற்காலிதான் அவருடையது. பட்டையின் பேட்டரி இன்னும் ஒரு முழு நாள் தாங்கவில்லை. வைஃபையை விட்டுவிட்டுச் சின்ன ரேடியோ ரிசீவர் போடலாம் என்று ஹாம் பெரியவர் சொல்லியிருக்கிறார். இந்தப் புதன்கிழமை அவரும் அண்ணனும் அதைப் பிரிக்கப்போகிறார்கள்.